பாட்டியின் பேச்சும் பேத்தியின் படிப்பும்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் லேக் கார்டன்ஸ் குடும்பங்களில் பேச்செல்லாம் ஒரே பேச்சாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் காலம் அது. மாலையில் ஏரிக்கரையில் உலாவ வரும் அன்பர்கள், வெயிலின் கொடுமையைப் பற்றி இரண்டு வார்த்தையும், லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்கும் விலையைப் பற்றி இரண்டு வார்த்தையும் சொல்லி முடித்ததும், "உங்கள் வீட்டில் என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேளாமல் விடுவதில்லை. இஞ்சினீயர், டாக்டர், ஆடிட்டர் என்னும் மூன்று சொற்களுக்குள் விடை அடங்கிவிட்டால் கேட்டவர் மகிழ்ந்து தலையசைக்கிறார். அடங்காவிட்டால் ஆறுதல் கூறத் தொடங்கிவிடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு மாலையில் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். "ஸார், பெண்ணுக்கு மெடிகல் கிடைக்கவில்லை. போகட்டும், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேரம்மா என்றால் மாட்டேன் என்கிறாள். காது, பேச்சு என்று ஏதோ நாலு வருஷப் படிப்பாம். காது மிஷின் விற்கும் கடையில் உட்காருவதற்கு நாலு வருஷம் படிக்க வேண்டுமா? நீங்கள் சொன்னால் கேட்பாள். ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

சொல்வதாக ஒப்புக்கொண்டு மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். சொல்லாமலே திரும்பினேன். ஏன் சொல்லவில்லை என்பதை எழுதவே இன்று பேனாவை எடுத்தேன்.

நண்பரின் தாயாருக்கு அதற்கு முந்திய மார்கழியில் பக்கவாதம் கண்டிருந்தது. வலக் கையும் வலக் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சு மட்டும் தேறவில்லை. பெரும்பாலோருக்குப் பேச்சை ஆளும் பகுதிகள் மூளையின் இடப் பாதியில் அமைந்திருக்கின்றன. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் உடலின் வலப்புறம் சோர்வதுடன் சொல்லும் சிக்கிக் கொள்கிறது. நாக்கில் குறையில்லை, தொண்டையில் குறையில்லை, எதிரே இருப்பவர் இன்னார் என்பதும் மறக்கவில்லை. கருத்து உள்ளே நிற்கிறது, அதற்குரிய சொல்தான் வாயில் வர மறுக்கிறது. இதனை அஃபேசியா என்பர். பேச்சிழப்பு என்று நாம் கூறலாம்.

நான் சென்றபோது பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வாரத்தில் இரு நாள் வந்து பயிற்சி அளித்தவர் ஒரு வங்காளிப் பெண்மணி, பொறுமையே உருவானவர். படம் தீட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "ஏட்டா கீ?" என்று கேட்டார். படகு, குடை, மீன், வாழைப்பழம். நண்பரின் தாயார் நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்ந்தவர். மீன்காரர் ஒருவரைத் தவிர லேக் மார்க்கெட்டில் அனைவருடனும் வங்காளியில் பேரம் பேசியவர். அன்று அம்மொழியில் ஒரு சொல்லும் அவருக்கு எழவில்லை. வாழைப்பழத்தை நோக்கிக் கையை நீட்டினார், உதட்டைக் குவித்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேத்தி கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருந்தாள். அவளிடம் பயிற்சியாளர், "உன் தாகுமா தினந்தோறும் ஏதாவது சொல்வதுண்டா? பாட்டோ, பிரார்த்தனையோ, எதுவானாலும் சரி" என்று வங்காளியில் வினவினார். கந்தர் சஷ்டி கவசம் என்றாள் பெண். "அதைத் தொடங்கு."

பெண் தொடங்கினாள். முதல் சில வரிகள் அவள் குரல் தனியே சென்றது. பிறகு பாட்டியின் உதடு அசைந்தது. அதன் பின் குரலும் சேர்ந்தது. தண்ணீர் என்ற ஒரு சொல்லுக்கு ஐந்து மாதமாகத் தவித்தவர், வரிக்கு வரி தடையின்றிச் சொல்லிக்கொண்டே சென்றார். என் நண்பர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இது முருகன் அருள் என்று நம்புவோர் நம்பலாம். நானும் மறுக்க மாட்டேன். எனினும் அந்தப் பெண்மணி இதனை எதிர்பார்த்தே கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். எண்களை வரிசையாகச் சொல்லுதல், கிழமைகளைக் கூறுதல், பாட்டு, தோத்திரம் முதலியன நெடும் பழக்கத்தினால் தாமே ஓடுவன. நாமாகத் தேடிப் பேசும் பேச்சு அற்றுப்போன பிறகும் இவை பலரிடம் எஞ்சி நிற்கின்றன. பயிற்சியாளர் அந்த எஞ்சிய இழையைப் பற்றிக்கொள்கிறார். அடுத்த வாரம் முதல், பேத்தி வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்த வேண்டும். பாட்டி அதை நிரப்ப வேண்டும். வேல் என்றும் மயில் என்றும் சொல் விழத் தொடங்கியதும், மயிலின் படம் எதிரே வைக்கப்பட்டது. மயிலிலிருந்து குடைக்கு வரப் பல வாரங்கள் ஆயின. எல்லோருக்கும் இவ்வாறு திரும்பும் என்று சொல்வதற்கில்லை. சிலருக்குத் தோத்திரம் தோத்திரமாகவே நின்றுவிடுவதும் உண்டு.

பல மொழி அறிந்தவர் பேச்சிழந்தால் எந்த மொழி முதலில் மீளும் என்ற ஆராய்ச்சி புதியதன்று. இளமையில் கற்றதே நிலைக்கும் என்பது சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ரிபோ கொண்ட கருத்து. நோய் வரும் காலத்தில் எந்த மொழி மிகுதியாகப் பழகியதோ அதுவே முதலில் வரும் என்று 1895-இல் பித்ரே என்னும் மற்றொரு பிரெஞ்சு வைத்தியர் வாதிட்டார். இரு விதிகளுக்கும் விலக்குகள் ஏராளம். பலருக்கு எல்லா மொழியும் ஒருசேரவே தேறுவதும் கண்டிருக்கிறார்கள். ஆகையால், நோயாளியின் ஒவ்வொரு மொழியிலும் சோதித்துப் பார்த்த பின்பே பயிற்சி தொடங்குவது நன்று. அந்த வங்காளிப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாதது அவர் குற்றமன்று. குறையை நிரப்பியவள் பதினேழு வயதுப் பேத்தி. அவளுக்குத் தமிழும் வங்காளியும் இரண்டு கை போல.

இந்த நிலையில், கெமிஸ்ட்ரி படி என்று அவளிடம் நான் எவ்வாறு சொல்வேன்?

அவள் விரும்பிய படிப்புக்குச் செவிப்புலன், பேச்சு, மொழி நோயியல் பட்டம் என்று நீண்ட பெயர். கல்லூரி வழக்கில் பி.ஏ.எஸ்.எல்.பி. என்பார்கள். மூன்றாண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. காதின் அமைப்பும் நரம்பின் அமைப்பும் ஒருபுறம், ஒலியின் பௌதிகம் ஒருபுறம், மொழியியலும் மனவியலும் இன்னொரு புறம். நண்பர் நினைத்தது போல் காது மிஷின் பொருத்துவதும் அதில் உண்டு. ஆனால் எந்த ஒலி எத்தனை அளவில் கேட்கவில்லை என்று அளந்து, அதற்கேற்ப அந்தக் கருவியைச் சரிசெய்வது கடைக்காரர் வேலையன்று. பிறவியிலேயே செவி கேளாத குழந்தைக்கு உட்காதுக் கருவி பொருத்தும் அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் குழந்தை கேட்பதை மொழியாக உணர்ந்து 'அம்மா' என்று அழைக்கும் வரை உடன் இருப்பவர் பேச்சுப் பயிற்சியாளர். அது ஆண்டுக் கணக்கான பணி.

நம் போன்ற வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு காரியமும் இருக்கிறது. வங்காளியில் 'ழ' இல்லை, 'வ' என்ற ஒலியும் நாம் சொல்வது போல் இல்லை; விஜயா இங்கே பிஜயா ஆகிவிடுகிறாள். இங்கே பிறந்த நம் குழந்தை மழையை 'மளை' என்றால் அது நோயா, சூழலா? தமிழ் நாட்டிலேயே பலர் 'மளை' என்றுதான் சொல்கிறார்கள் என்பதை அறிந்தவர், அக்குழந்தையைச் சிகிச்சைக்கு உட்படுத்த மாட்டார். இதற்கு மாறாக, உண்மையான குறை இருக்கும் இடத்தில், "இரண்டு மூன்று மொழி கலந்து கேட்கிறதல்லவா, அதனால்தான் பேசத் தாமதம், தானே சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்லிக் காலத்தைக் கடத்துகிறோம். பல மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுக் குறை உண்டாவதில்லை என்பதே இத்துறையின் முடிவு. இரண்டு பக்கத் தவறும் நேராமல் காப்பவர் இரு மொழியும் காதறிந்த பயிற்சியாளரே.

இனி, பேச்சோடு நின்றுவிடாமல் இந்தக் குடும்பப் படிப்புகளைச் சற்றுப் பார்ப்போம். உடலியக்கம் திரும்பச் செய்யும் பிஸியோதெரபி, அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, செயற்கைக் கை கால் வடித்துப் பொருத்துதல், இரத்தம் முதலியவற்றைச் சோதிக்கும் லேபரட்டரிப் படிப்பு, எக்ஸ்ரே, ஸ்கான், டயாலிசிஸ், அறுவை அரங்கு நிர்வாகம், தீவிர சிகிச்சைப் பிரிவின் கருவிகள் என்று பட்டியல் நீளும். இவை அனைத்துக்கும் 'துணை மருத்துவம்' என்று பெயரிட்டிருக்கிறோம். துணை என்றதும் இரண்டாந்தரம் என்று எண்ணுவது நம் பிழை. தமிழில் வாழ்க்கைத் துணை என்ற சொல்லும் இருக்கிறதே!

இதற்கு நல்ல சாட்சி வேலூர். கல்கத்தாவாசிகளுக்கு வேலூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. (2001 முதல் கொல்கத்தா என்று எழுத வேண்டும் என்பது தெரியும், வாய் கேட்கவில்லை.) அவ்வூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து ரெயிலேறும் நோயாளிகள் அவ்வளவு பேர், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகளை வங்காளி எழுத்திலேயே காணலாம். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு என்னும் ஆங்கிலேய டாக்டர், நாற்பதுகளின் இறுதியில் அங்கே குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவையினால் நிமிர்த்தும் முறையைத் தொடங்கினார். நோயினால் நரம்பு செயலிழந்து, விரலை நிமிர்த்தும் சிறு தசைகள் வாடிவிடுகின்றன. நன்றாக இயங்கும் வேறொரு தசையின் நாணை எடுத்து, வாடிய தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டினார் அவர்.

கட்டியதோடு காரியம் முடியவில்லை. இதுவரை விரலை மடக்கிய தசை இனி அதே விரலை வேறு வகையில் இயக்க வேண்டும். மாவுக் கட்டை அவிழ்த்ததும் நோயாளிக்கு எந்த விரலை எப்படி அசைப்பது என்பதே விளங்காது. தொட்டால் உணர்வும் கிடையாது. நாள்தோறும் எதிரே அமர்ந்து, "இப்படி அசை, இன்னும் சற்று" என்று அந்தத் தசைக்குப் புதுத் தொழில் கற்பித்தவர்கள் பிஸியோதெரபிப் பயிற்சியாளர்கள். அவர்கள் இல்லையேல் டாக்டரின் நுட்பம் மீண்டும் மடங்கிய கையோடு முடிந்திருக்கும். அதே வேலூரில் 1954-இல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்து, பின்னர் இந்த மறுவாழ்வுத் துறைக்கே தலைவராய் விளங்கினார். இவையெல்லாம் நம் நாட்டில் இப்படிப்புகள் பிறந்துகொண்டிருந்த காலத்து நிகழ்ச்சிகள். பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளி 1950-லும் பிஸியோதெரபிப் பள்ளி 1953-லும் தோன்றின.

அதே 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் டாக்டர் கிப்பன், இதயம், நுரையீரல் ஆகியவற்றின் வேலையை ஒரு யந்திரத்திடம் ஒப்படைத்து, பதினெட்டு வயதுப் பெண்ணின் இதயத்தைத் திறந்து செப்பனிட்டார். இன்று அந்த யந்திரத்தின் எதிரே அமர்ந்து இரத்தத்தின் ஓட்டம், வெப்பம், பிராண வாயு ஆகியவற்றைக் கணத்துக்குக் கணம் கவனிப்பவர் டாக்டர் அல்லர்; பெர்ஃப்யூஷன் படித்த பட்டதாரி. மேற்கு வங்காளத்திலும் அது பட்டப் படிப்பாக இருக்கிறது.

நெடுங்காலம் இத்துறைகளில் பலவற்றுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லாதிருந்தது. அக்குறையை நீக்க, துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறியது. அதன் அட்டவணை இத்தொழில்களைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் 2000 மணி நேரத்துக்குக் குறையாமல் பயின்றவர் ஒரு நிலை; மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் 3600 மணி நேரத்துக்குக் குறையாமல் பட்டம் பயின்றவர் மற்றொரு நிலை. மணிக் கணக்கைச் சட்டத்திலேயே எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. புத்தகத்தைப் படித்து மட்டும் பட்டம் வாங்கும் வித்தை அன்று இது. அஞ்சல் வழியாகவும் இணைய வழியாகவும் மனவியல், உணவியல், நுண்ணுயிரியல் போன்ற படிப்புகளை நடத்துவதையும் 2025 ஜூலை - ஆகஸ்டுப் பருவம் முதல் பல்கலைக் கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. வீட்டிலிருந்தபடியே டயடீஷியன் பட்டம் பெற எண்ணியிருந்த நம் சகோதரிகள் இதை மனத்திற் கொள்வார்களாக.

சட்டம் வந்துவிட்டது என்பதால் ஏமாற்றுக்காரர்கள் மறைந்துவிடவில்லை. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, பெயரில் மட்டும் ஆஸ்பத்திரியின் சாயல் உடைய ஒரு நிறுவனத்தில் இரண்டாண்டு பணம் கட்டியது. வாடகை மாடியில் இரண்டு அறை, மைக்ராஸ்கோப் ஒன்று. இறுதியில் கொடுத்த சான்றிதழை எந்த ஆஸ்பத்திரியும் ஏற்கவில்லை. தகப்பனார் ஓய்வூதியப் பணத்திலிருந்து எடுத்த தொகை அது. ஆகவே, சேர்வதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள் என்று அழுத்திச் சொல்வேன். எந்தப் பல்கலைக் கழகத்தின் பட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி உண்டா, இல்லையேல் எங்கே பயிற்சி, அங்கே படுக்கைகள் எத்தனை, நோயாளிகள் உண்மையில் வருகிறார்களா என்று கேளுங்கள். நோயாளி இல்லாத இடத்தில் இக்கலையைக் கற்க இயலாது. பேச்சு, செவிப் படிப்பானால் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

நம் பேட்டையிலிருந்து வழி எப்படி? சால்ட் லேக்கில் உள்ள மேற்கு வங்காளச் சுகாதார அறிவியல் பல்கலைக் கழகம் 2003 முதல் இயங்கி வருகிறது. அதனைச் சார்ந்த கல்லூரிகளில் பிஸியோதெரபி, லேபரட்டரி, பேச்சு - செவி, தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, பெர்ஃப்யூஷன் முதலிய பட்டங்களுக்கு, மாநில நுழைவுத் தேர்வு வாரியம் ஜென்பாஸ் என்ற தேர்வை நடத்தி இடம் கொடுத்து வருகிறது. இதற்கு வாழ்விடச் சான்று தேவைப்படலாம். தகப்பனாருக்கு மாற்றல் வந்து அண்மையில் குடியேறியவர்கள் கடைசி வாரத்தில் சான்றுக்கு அலைந்து இளைப்பதைக் காண்கிறோம்; பதினோராம் வகுப்பிலேயே அந்தத் தாளைத் தேடி வைப்பது உத்தமம்.

வடகோடியில் பன்ஹூக்ளியில், பி.டி. ரோடின் மேல், உடலியக்கக் குறையுற்றோருக்கான தேசிய நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. பிஸியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, செயற்கை உறுப்பு ஆகிய மூன்றிலும் அங்கே பட்டம் உண்டு. அதே வளாகத்தில் அலி யாவர் ஜங் செவிப்புலன் நிறுவனத்தின் கிழக்குக் கிளையும் இருக்கிறது. தொலைவென்று அஞ்ச வேண்டாம். ரவீந்திர சரோவரில் மெட்ரோ ஏறினால் பராநகர் வரை மாறாமல் போகலாம், 2021-இல் அந்தப் பாதை நீண்டுவிட்டது. பன்ஹூக்ளி நிறுவனமும், கட்டக்கை அடுத்த நிறுவனமும், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள நிறுவனமும் ஒரே பொது நுழைவுத் தேர்வின் மூலம் மாணவரைச் சேர்த்து வந்துள்ளன. கல்கத்தாவில் எழுதிய தேர்வு முட்டுக்காட்டுக்கும் வாயிலாகிறது.

தமிழ் நாட்டுக்கே அனுப்ப விரும்புவோரும் உண்டு. அங்கே சர்க்கார் இடங்களை, நுழைவுத் தேர்வு இல்லாமல், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டே மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்பி வந்திருக்கிறது. வெளி மாநிலத்தில் படித்த நம் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பிறப்பிடச் சான்று இன்றியமையாதது. விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவன. புதிய ஆணையம் வந்த பின் படிப்பின் கால அளவும் சேர்க்கை முறையும் திருத்தப்பட்டு வருகின்றன. அண்டை வீட்டார் பையன் சேர்ந்தபோது இருந்த விதியை நம்பாமல், அந்தந்த ஆண்டின் விவரக் கையேட்டையே படிக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி மறைப்பதற்கில்லை. தனியார் ஆஸ்பத்திரிகளில் தொடக்கத்தில் கொடுக்கும் தொகை, இஞ்சினீயர் மகனின் சம்பளத்தோடு ஒப்பிடும் தந்தைக்கு உவப்பாயிராது. மேற்பட்டம் பெற்றவரும் சொந்தமாகப் பணி செய்வோரும் பின்னர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பிரிட்டனில் பதினான்கு தொழில்களை இவ்வகையில் சேர்த்து எண்ணுகிறார்கள். இசையினாலும் ஓவியத்தினாலும் சிகிச்சை செய்வோர்கூட அப்பட்டியலில் இருக்கிறார்கள். அங்கே செல்ல விரும்பும் நம் பட்டதாரிகளிடம் முதலில் கேட்பது எத்தனை மணி நேரம் நோயாளியிடம் பயின்றாய் என்பதே. மாடியில் இரண்டு அறைக் கல்லூரியில் படித்தவர் அதற்கு என்ன விடை சொல்வார்?

நண்பரின் பெண் அந்த ஆண்டே பேச்சு - செவிப் படிப்பில் சேர்ந்தாள். முதல் பருவத்தில் ஒலியின் பௌதிகத்தில் திணறினாள் என்று கேள்வி. பாட்டிக்கு இப்போது தண்ணீர், காபி, போ, வா எல்லாம் வருகின்றன; வங்காளியில் இரண்டொரு சொல் மட்டும். சென்ற மாதம் ஏரிக்கரையில் நண்பர் மீண்டும் என்னைத் தனியே அழைத்தார்.

"ஸார், மைசூரில் பேச்சு - செவிக்கு 1965-இலேயே ஏற்படுத்திய பெரிய இன்ஸ்டிட்யூட் ஒன்று இருக்கிறதாமே. மேற்படிப்புக்கு அங்கே போக வேண்டும் என்கிறாள். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி இருக்கும்? உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது மைசூரில் உண்டா?"